சட்டை தொளதொளவென்று இருக்கிறது, பட்டன் மட்டும் பூட்ட முடியவில்லை

காசிமேட்டுப் பொண்ணு

ஈரல் சுருக்கம் உள்ளவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டில் பார்த்ததையும் எழுதுங்கள்.

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா 30 வருடம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வேலை பார்த்தவர். விடிகாலை 2 மணிக்குப் போய் ஐஸ் பாரை இழுத்து, உடைத்து, போட்டில் ஏற்றுவார். முன்கை முறுக்கேறி இருக்கும். குடியும் இருந்தது. ஈரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு விட்டவர்தான், இரண்டு வருடமாகத் தொடவில்லை.

போன வருடம் பொங்கலுக்கு எம்.சி. ரோட்டில் அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்தேன். பழைய அளவுதான். போட்டுப் பார்த்தால் தோள் பக்கம் வழிந்து விழுகிறது, கைக்குள் இன்னொரு கை போகும் போல இருக்கிறது. ஆனால் வயிற்றில் பட்டன் பூட்ட முடியவில்லை. "துணி சரியில்லம்மா" என்று கழற்றி மடித்து வைத்துவிட்டார். நானும் துணியைத்தான் குறை சொன்னேன். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எடை மிஷினில் 70 காட்டியது. வியாதிக்கு முன்னால் 72. இரண்டு கிலோதானே குறைந்திருக்கிறது என்று இருந்துவிட்டோம். அப்புறம் வயிற்றில் தண்ணீர் அதிகமாகி ஊசி போட்டு 9 லிட்டர் எடுத்தார்கள். மறுநாள் எடை 61. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 11 கிலோ சதை கரைந்துபோயிருக்கிறது, அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டு எங்களை ஏமாற்றியிருக்கிறது. தண்ணீர் இறங்கிய பிறகுதான் நெற்றிப்பொட்டு குழி விழுந்திருப்பதும், தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்பதும் கண்ணில் பட்டது.

இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆடி மாதம் ஒரு ராத்திரி நைனா குழம்பிப் போய்விட்டார். என்னை இறந்துபோன அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார், லுங்கிக்கு மேல் லுங்கி கட்டினார். அன்று மதியம் சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டிருந்தார். மீன்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். பக்கத்தில் ஒரு கிளினிக்கிலும் "மீன், முட்டை, பருப்பு எதுவும் வேண்டாம், கஞ்சி மட்டும் கொடுங்கள்" என்றார்கள். உண்மையில் மூன்று நாளாக அவருக்கு வெளிக்கே போகவில்லை. அடிக்கடி ஓட வேண்டியிருக்கிறது என்று மலம் இளக்கமாகப் போவதற்குத் தந்த லாக்டுலோஸ் சிரப்பை அவராகவே நிறுத்தியிருக்கிறார். அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நாலு மாதம் அரிசிக் கஞ்சியும் ரசமுமாக ஓட்டினோம். ராத்திரி 7 மணிக்குக் கஞ்சி, அடுத்த நாள் 9 மணிக்கு இட்லி. நடுவில் 14 மணி நேரம் ஒன்றும் கிடையாது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டயட் சொல்லும் அம்மா இதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். நல்ல ஈரல் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்குமாம். சுருங்கிய ஈரலில் அந்தச் சேமிப்பே இல்லை. அதனால் உடம்பு சதையை உடைத்துத்தான் சர்க்கரை பண்ணும். "நாம் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் நடப்பது இவருக்கு ஒரே ராத்திரியில் நடக்கிறதும்மா" என்றார். வீடு வரும் வரைக்கும் எனக்கு அழுகை நிற்கவில்லை. பத்தியம் என்று நினைத்து நாங்கள் அவரைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

திருவொற்றியூர் அண்ணன்

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டதும்மா. எங்கள் அண்ணிக்கும் இதே கஞ்சிப் பத்தியம்தான் போட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு வரும் எடைதான் உண்மையான எடை. அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தண்டையார்பேட்டை சிஸ்டர்

20 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

குழப்பம் வந்தால் புரதத்தை நிறுத்து என்பது பழைய காலத்துப் பேச்சு. இன்னும் பலர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குடலில் உண்டாகும் அம்மோனியாவை ஈரல் யூரியாவாக மாற்றி வெளியேற்ற வேண்டும். அது ரத்தத்தில் சேர்ந்து மூளைக்குப் போனால்தான் குழப்பம் வருகிறது. ஈரலால் முடியாதபோது அந்த வேலையில் ஒரு பங்கைச் சதை எடுத்துக்கொள்கிறது. சதை கரையக் கரைய அம்மோனியாவைப் பிடித்து வைக்க ஆளில்லாமல் போகும், குழப்பம் இன்னும் அடிக்கடி வரும். மீனை நிறுத்திச் சதையைக் கரைத்தால் நோயாளிக்கு இரண்டு பக்கமும் அடி. ஐரோப்பிய ஈரல் மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில் குழப்பம் உள்ளவர்களுக்கும் புரதத்தைக் குறைக்கக் கூடாது என்றே இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். தண்ணீர் இல்லாத எடை 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். அசைவம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பால், தயிர், பருப்பு, சுண்டல் பக்கம் போகலாம், அது நன்றாகவே தாங்கும்.

ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி ஒன்று. நியூசிலாந்தில் ஒரு ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டார்கள். ஒரே சத்துப் பானத்தைச் சிலருக்குப் பகலிலும் சிலருக்கு ராத்திரி படுக்கும் முன்பும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்ததில், ராத்திரி குடித்தவர்களுக்குத்தான் சதை கூடியது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு 5 தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். மாதம் ஒரு தடவை செய்தால் தேறுகிறாரா தளர்கிறாரா என்று எடை மிஷினைவிட இது தெளிவாகச் சொல்லும்.

லாக்டுலோஸ் ஒரு நாளைக்கு 2, 3 தடவை இளக்கமாகப் போகிற அளவுக்கு இருக்க வேண்டும். அதற்கு மேல் தண்ணியாகப் போனாலும் ஆபத்துதான், அளவைக் கேட்டுக் குறைக்க வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மண்ணடி மகன்

எங்கள் அத்தாவுக்கு ஹெபடைடிஸ் பி. குடி என்பதே எங்கள் வீட்டில் கிடையாது, ஆனாலும் ஈரல் சுருங்கிவிட்டது. சிஸ்டர் எழுதியதைப் படித்ததும் ரமலான் ஞாபகம் வந்தது.

நோன்பு விடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். 13 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர்கூட இல்லை. நீர் பிரியும் மாத்திரை வேறு. எட்டாவது நாள் ராத்திரி தராவீஹ் தொழுகையில் ருகூவில் குனிந்தவர் நிமிர முடியாமல் பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துக்கொண்டார். 60 வயதுக்குள் நாற்காலி போட்டுத் தொழ வேண்டியதாகிவிட்டதே என்று வீட்டுக்கு வந்து ரொம்ப வேதனைப்பட்டார். டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னபோது கேட்கவில்லை. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, தீராத நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை, ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் கேட்டார். இப்போது அந்த 30 நாளும் சாயங்காலம் ஒருவருக்கு அவர் கையாலேயே சாப்பாடு கொடுக்கிறார். அதில் அவருக்கு மன நிம்மதி. இப்படி வீட்டில் யாராவது இருந்தால் டாக்டரோடு நிறுத்தாமல் மார்க்கம் தெரிந்தவரையும் பேச வையுங்கள்.

பெரம்பூர் அம்மா

நான் நோயாளியே. 54 வயது. மூன்று வருடம் உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரி தூக்கம் கிடையாது. தோல் அலர்ஜி என்று களிம்பு மாற்றி மாற்றித் தந்தார்கள். கடைசியில் ஈரலுக்குள் இருக்கும் சின்னப் பித்தக்குழாய்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற நோய் என்று தெரிந்தது. ப்ரைமரி பிலியரி கோலாஞ்சைடிஸ் என்று பெயர், பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். "குடிக்காதவளுக்கு எப்படி லிவர் போச்சு" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துவிட்டேன்.

எல்லோரும் சதையைப் பற்றி எழுதினீர்கள், நான் எலும்பைப் பற்றிச் சொல்கிறேன். போன மழைக்கு வாசலில் வழுக்கிக் கையை ஊன்றினேன். பெரிய விழுகைகூட இல்லை. மணிக்கட்டு முறிந்தது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பு மைனஸ் 2.9. மைனஸ் 2.5 வந்தாலே எலும்புப் புரை. வைட்டமின் டி ரொம்பக் குறைவு. பித்தம் குடலுக்குச் சரியாக வராவிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடம்பில் சேராது, அதில் டியும் ஒன்று. வெயிலில் உண்டாகும் டியையும் ஈரல்தான் முதலில் மாற்றித்தர வேண்டும். ஈரல் நோய் என்று தெரிந்த அன்றே எலும்பையும் ஒரு தடவை பாருங்கள் என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

கை முறிந்த வலிக்கு மெடிக்கலில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடப் போனேன், என் மகள் தடுத்தாள். ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், ரத்தக் கசிவும் வரலாம். டாக்டரைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள்.

எங்கள் சந்தில் வீட்டுக்குள் வெயில் எட்டிப் பார்க்காது. காலை 7 மணி வெயிலில் டி பெரிதாக உண்டாகாது என்பதால் 11 மணிக்கு மேல் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த டியும் கால்சியமும் தனி. முள்ளோடு நெத்திலி, கேழ்வரகு, பால்.

திருவொற்றியூர் அண்ணன்

நெத்திலி என்றதும் சொல்ல வேண்டியது வந்துவிட்டது. பச்சை நெத்திலி வேறு, நெத்திலிக் கருவாடு வேறு. ஆடிக் கூழுக்குக் கருவாடு தொட்டுக்கொண்டு அண்ணிக்கு ஒரே வாரத்தில் கால் வீங்கியது. ஆனால் உப்பே இல்லாமல் சமைத்தால் ஒரு வாய்கூட உள்ளே போகாது, அதுவும் பட்டினிதான். ஊறுகாய், அப்பளம், கருவாட்டை நிறுத்தி, எல்லாச் சமையலுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்பு என்று எங்களுக்குச் சொன்னார்கள். புளியும் எலுமிச்சையும் பூண்டும் தூக்கிவிடும்.

கடல்காரர்களுக்கு இன்னொன்று. காலில் புண்ணை வைத்துக்கொண்டு கடல் தண்ணீரில் இறங்க வேண்டாம். கடல் தண்ணீரில் இருக்கும் ஒரு கிருமி சாதாரண ஆளை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, ஈரல் நோயாளிக்கு உயிர் போகும். மீன் முள் குத்தி வீங்கினால் மஞ்சள் வைத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நண்டு, மட்டி எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை தம்பி

அக்கா, என் அண்ணனுக்கும் வயிற்றில் தண்ணீர். நாலு வாய் சாப்பிட்டாலே அடைக்கிறது என்கிறான். ராத்திரி எதைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நீங்கள் எப்படிச் சாப்பிட வைத்தீர்கள்? உடற்பயிற்சி செய்யச் சொல்லலாமா?

காசிமேட்டுப் பொண்ணு

தம்பி, நைனாவும் இப்படித்தான். தண்ணீர் இரைப்பையை நசுக்குவதால் ஒரே மூச்சில் சாப்பிட முடியாது. மூன்று வேளையை நாங்கள் ஏழாகப் பிரித்தோம். விழித்திருக்கும்போது 3 மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்க விடுவதில்லை. எழுந்ததும் பால். இட்லியோடு 2 முட்டை. நடுவில் பொட்டுக்கடலையும் வெல்லமும். மதியம் 100 கிராம் மீன், பருப்பு. சாயங்காலம் சுண்டல். ராத்திரிச் சோறு கொஞ்சமாக. படுக்கும் முன் கேழ்வரகுக் கஞ்சி.

கஞ்சிக்குக் கணக்கு உண்டு. 70 கிராம் கேழ்வரகு மாவில் கிட்டத்தட்ட 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும், ராத்திரிக்கு அந்த அளவுதான் சொல்லியிருக்கிறார்கள். பால் ஊற்றிக் காய்ச்சினால் புரதமும் சேரும். அண்ணனுக்குச் சுகர் இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள். முதல் வாரம் நைனா முழு டம்ளரைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றார். பிளாஸ்க்கில் ஊற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டேன். 10 மணிக்கு அரை டம்ளர், தூக்கம் கலைந்து பாத்ரூம் போய் வரும்போது அரை டம்ளர். கெட்டியாக இருந்தால் இறங்காது, குடிக்கிற பதத்தில் இருக்கட்டும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, முதலில் என்டோஸ்கோப்பி பார்த்தார்களா என்று கேள். உணவுக்குழாயில் ரத்த நாளம் வீங்கியிருந்தால் கனம் தூக்கி முக்கக் கூடாது. நைனாவுக்கு அந்த நாளத்தில் வளையம் போட்டிருக்கிறார்கள், அதனால் தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவதில்லை. ஆனால் படுத்தே கிடந்தால் சதை வராது. சாப்பிட்ட பிறகு தெருமுனை வரை நடை, அப்புறம் சிஸ்டர் சொன்ன அதே நாற்காலிப் பயிற்சி. ஆரம்பத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு 2 தடவைதான் எழுந்தார். எட்டு மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை யாரையும் பிடிக்காமல் 5 தடவை, 16 செகண்ட். என் மகன்தான் போனில் நேரம் பார்த்தான்.

வயிற்றில் கொஞ்சம் தண்ணீர் இன்னும் இருக்கிறது, மாத்திரை ஓடுகிறது. அந்த வெள்ளைச் சட்டையை நேற்று எடுத்துப் போட்டார். பட்டன் பூட்ட முடிந்தது. தோள் இன்னும் தொளதொளவென்றுதான் இருக்கிறது, தையற்காரரிடம் கொடுத்துப் பிடிக்கலாமா என்று கேட்டேன். "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார்.