பயந்து சாகிறோம், ஆனாலும் பேய்ப்படத்தை விட முடியவில்லையே, ஏன்?

ராக்கோழி:
நேற்று ராத்திரி தனியாக ஒரு பேய்ப்படம் பார்த்தேன். அப்புறம் பாத்ரூம் போக ஹால் லைட், சமையலறை லைட், வராந்தா லைட் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டுதான் போனேன். வயது 34, பேயை நம்புகிற ஆளும் இல்லை. இவ்வளவுக்கும் சனிக்கிழமை இன்னொன்று பார்க்கத்தான் போகிறேன். காசு கொடுத்துப் பயத்தை வாங்குகிறோமே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

மொட்டைமாடி:
தனியாகப் பார்த்தது உங்கள் தப்பு. எங்கள் வீட்டில் கரண்ட் போனால் மாடியில் பாய் விரித்துவிடுவோம், பாட்டி புளியமரத்து முனியையும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வரும் மோகினியையும் ஆரம்பித்துவிடுவாள். "வேண்டாம் பாட்டி" என்று சொல்லிக்கொண்டே அவள் புடவைக்குள் ஒண்டிக்கொள்வோம், கதையை நிறுத்தினால் சண்டைக்கும் போவோம். தியேட்டரிலும் அதேதான், மொத்தக் கூட்டமும் அலறிவிட்டு அடுத்த நொடியே சிரிக்கிறது. (இப்போது வரும் காமெடிப் பேய்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.)

பின்வரிசை:
டென்மார்க்கில் வைலே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆட்கள் போய்ப் பயப்படுவதற்கென்றே அமைத்த ஒரு பேய்வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் போன 110 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியை மாட்டி ஆராய்ச்சி செய்தார்கள், 2020-இல் வெளிவந்தது. பயம் ரொம்பக் குறைந்தாலும் ரசிக்கவில்லை, அளவு மீறினாலும் ரசிக்கவில்லை. குழம்புக்கு உப்பு மாதிரிதான். விரல் இடுக்கு வழியாகப் பார்க்கிறோமே, அதுவும் உப்பைக் குறைக்கிற வேலைதான்.

சுருதிப்பெட்டி:
எல்லாம் சரி, பாதிப் பயம் சத்தத்தில் இருக்கிறது. 1960-இல் வந்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைக் கேட்காமல் வயலின்களைக் கிறீச்சிட வைத்துப் போட்டுக் காட்டியதும் ஹிட்ச்காக் மனசு மாறிவிட்டார். சந்தேகமிருந்தால் சனிக்கிழமை படத்தை மியூட்டில் பாருங்கள், கதவு திறக்கும், பூனை ஓடும், அவ்வளவுதான்.

ராக்கோழி:
சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை, இப்போதே மியூட்டில் போட்டுப் பார்த்தேன். படம் ஒன்றும் செய்யவில்லை, நிஜமாகவே சிரிப்புதான் வந்தது. ஆனால் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில் சமையலறையில் ஃப்ரிட்ஜ் திடீரென்று உறுமியதும் ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பேட்டரி எங்கேயோ உருண்டு போய்விட்டது, சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் தேட விடியட்டும்.