பால் விலை ஏறிய காலத்தில் உங்களுக்கு என்ன நடந்தது? அனுபவம் பகிருங்கள்

தொழுவத்தார்

கறவை வைத்திருப்பவர்கள், பால் வாங்குபவர்கள், தீவனம் விற்பவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள். பால் விலை நன்றாக ஏறிய ஒரு காலத்தில் யாரோடு என்ன பேச்சு நடந்தது, பிறகு என்ன ஆனது என்று எழுதுங்களேன். மாட்டைக் கூட்டுவதா, இருப்பதை வைத்தே ஓட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிறையப் பேர் நிற்கிறோம்.

என் அனுபவம் முதலில். 2013-ல் கொள்முதல் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் பண்ணைக்கு வந்தார். "உலக ஏலத்தில் பால் பவுடர் டன் 5,000 டாலரைத் தாண்டிவிட்டது. சீனா எவ்வளவு வந்தாலும் வாங்குகிறது. மாட்டைக் கூட்டுங்கள்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இன்றைக்குச் சினை ஊசி போட்டால் அந்தக் கன்று எப்போது சார் கறக்கும்?"

சினைக்காலம் ஒன்பது மாதத்துக்கும் மேல். பிறந்த கிடேரி நல்ல பராமரிப்பில் வளர்ந்து முதல் ஈற்று ஈன இரண்டு வருடம். கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகிவிடுகிறது. 2013-ன் விலையை நம்பிப் போட்ட ஊசிக்கு 2016-ல்தான் பால் வரும். அதற்குள் என்னென்ன நடந்தது பாருங்கள். 2014 ஆகஸ்டில் ரஷ்யா ஐரோப்பியப் பால் பொருட்களுக்குத் தடை போட்டது. சீன ஆலைகள் குவித்து வைத்த பவுடரையே எடுத்துச் செலவழிக்க ஆரம்பித்துப் புதிதாக வாங்குவதைக் குறைத்தன. ஐரோப்பாவில் 1984 முதல் இருந்துவந்த பால் உற்பத்தி வரம்பு 2015 மார்ச்சோடு நீக்கப்பட்டது. 2015 ஆகஸ்டில் கொழுப்புள்ள பவுடர் டன் 1,600 டாலருக்கும் கீழே விழுந்தது. 2016-ன் முதல் பாதியிலும் நிமிரவில்லை.

அந்த அதிகாரி அடுத்த முறை வந்தபோது, பாலைக் குறைத்து ஊற்ற முடியுமா என்று கேட்டார். ஊசி போட்ட மாடு சினையாக நிற்கிறது, கிடேரி வளர்கிறது. அதை எப்படி நிறுத்துவது? விலை ஒரு ஏலத்தில் மாறிவிடும். மாடு மாற மூன்று வருடம் வேண்டும். நம் தொழிலின் சிக்கல் முழுதும் இந்த இடைவெளிக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாலைக்கறவை

தொழுவத்தார் அண்ணா, நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். எங்களிடம் வாங்கும் இடத்தில் லிட்டருக்கு விலை ஏற்றிவிட்டோம் என்று அறிவித்தார்கள். மாதக் கணக்கு வந்தபோது கைக்கு வந்த தொகை ஏறவே இல்லை. விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து பார்த்தேன். அடிப்படை விலைக்குத் தேவையான கொழுப்பு அளவை உயர்த்தியிருந்தார்கள், அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு புள்ளிக்கும் பிடித்தம். என் மாடுகள் அதிகம் கறப்பவை, கொழுப்பு குறைவு. ஏற்றிய விலை மொத்தமும் பிடித்தத்தில் போய்விட்டது.

அங்கே இருந்த பெண் ஒருவர்தான் எனக்கு விளக்கினார். "அக்கா, நாங்கள் பாலை வாங்கவில்லை, அதில் இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் வாங்குகிறோம். தண்ணீரை ஏற்றி இறக்குவது எங்களுக்குச் செலவு." அதற்குப் பிறகு உலகச் செய்தியை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. பால் விலை என்று ஒரே விலை கிடையாது. 2017-ல் ஐரோப்பாவில் வெண்ணெய் அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. அதே நேரம் கொழுப்பு நீக்கிய பவுடர் கேட்பாரில்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கிடங்குகளில் 3,50,000 டன்னுக்கு மேல் கிடந்தது. ஒரே மடியிலிருந்து வந்த பால்தான். ஒரு பாதிக்குத் தங்க விலை, மறு பாதிக்கு மதிப்பே இல்லை. இப்போது காற்று புரதத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. சீஸ் செய்தபின் மிஞ்சும் மோர்த்தண்ணீரை ஒரு காலத்தில் கழிவாக ஊற்றினார்கள். இன்று அதிலிருந்து எடுக்கும் புரதப் பொடிக்குப் பெரிய சந்தை.

நான் இப்போது காளை விந்து தேர்ந்தெடுக்கும்போது லிட்டரைப் பார்ப்பதில்லை, கொழுப்பையும் புரதத்தையும் கிலோவில் பார்க்கிறேன். உங்கள் விலைப்பட்டியலைத் தயவுசெய்து முழுதாக வாங்கிப் படியுங்கள். கேட்டால் தரவேண்டியது அவர்கள் கடமை.

பவுடர் ஆலைப் பணியாளர்

வாசலில் டேங்கர் வரிசை நிற்பதைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நெல்லையும் கோதுமையையும் விலை வரும்வரை மூட்டை கட்டி வைக்கலாம். பால் அன்றைக்கே குளிர்ந்தாக வேண்டும், ஓரிரு நாளில் ஏதாவது ஒன்றாக மாறியாக வேண்டும். அதனால் விற்பவருக்குக் காத்திருக்கும் பலம் கிடையாது. அந்தப் பலம் உலர்த்தும் கோபுரமும் கிடங்கும் வைத்திருப்பவரிடம் இருக்கிறது. சுமார் பதினொரு லிட்டர் பாலில் கொழுப்பை எடுத்துவிட்டு உலர்த்தினால் ஒரு கிலோ பவுடர். வைத்தால் ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கும்.

2020 ஏப்ரல் வாக்கில் ஹோட்டல், பள்ளி, விடுதி எல்லாம் ஒரே நேரத்தில் மூடியபோது இது நிர்வாணமாகத் தெரிந்தது. கடைகளில் பால் தட்டுப்பாடு, பண்ணையில் பால் வீண். பெரிய பையில் ஹோட்டலுக்கு நிரப்பும் எந்திரத்தை ஒரே வாரத்தில் வீட்டுக்கான சிறிய பாக்கெட்டுக்கு மாற்ற முடியாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பண்ணையாளர்கள் பாலைக் கொட்டினார்கள். எங்கள் ஆலையில் இரவு பகலாக உலர்த்தினோம். ஓட்டுநர் ஒருவர் என்னிடம், "சார், இதை எங்காவது இறக்கிக் கொடுங்கள், திருப்பிக் கொண்டுபோய் அவர் முன்னால் ஊற்ற எனக்கு மனசு வராது" என்றார். இரண்டு டேங்கர் கூடுதலாக எடுத்துக்கொண்டோம். எல்லாருடையதையும் எடுக்க முடியவில்லை.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உலர்த்தியதால் உபரி காணாமல் போய்விடாது, அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். மாலைக்கறவை அக்கா சொன்ன ஐரோப்பியக் கிடங்குப் பவுடர் விற்றுத் தீர 2019 ஆகிவிட்டது. அதுவரை விலை நிமிர முயன்றபோதெல்லாம் அந்த இருப்பு மேலே உட்கார்ந்து அமுக்கியது. யாராவது உங்களிடம் 'விலை ஏறப்போகிறது' என்றால், கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

தீவன வியாபாரி

வணக்கம். என்னிடம் கடன் சொல்லி மூட்டை எடுத்துப்போகும் முகங்களை வைத்தே பால் சந்தை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பலர் நினைப்பதுபோல் பால் விலை விழும்போது மட்டும் கடன் கூடுவதில்லை. விலை உச்சத்தில் இருக்கும்போதே கூடிய காலமும் உண்டு.

2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உக்ரைன் போர் தொடங்கியதும் மக்காச்சோளம், கோதுமை, சூரியகாந்திப் புண்ணாக்கு எல்லாம் ஏறின. உரமும் ஏறியது, டீசலும் ஏறியது. பால் விலையும் நன்றாகத்தான் இருந்தது. அமெரிக்கப் பண்ணையாளர்களுக்கு அந்த வருடம் கிடைத்த சராசரி விலை அதுவரை கிடைத்ததிலேயே அதிகம். அடுத்த வருடம் பால் விலை இறங்கியது, தீவனம் அதே வேகத்தில் இறங்கவில்லை. அங்கே 2018 சட்டத்தின்படி ஒரு காப்புத் திட்டம் இருக்கிறது. பால் விலையில் தீவனச் செலவைக் கழித்து வருவதைத்தான் அது அளக்கிறது. நூறு பவுண்டுக்கு, அதாவது 45 கிலோ பாலுக்கு, 9.50 டாலர் மிஞ்சும்படி சிறு பண்ணைகள் காப்பீடு எடுக்கலாம். 2023 ஜூலையில் மிஞ்சியது வெறும் 3.52 டாலர். திட்டம் தொடங்கியதிலிருந்து அவ்வளவு கீழே போனதே இல்லை. பால் விலையின் உச்சத்துக்கும் இந்தப் பள்ளத்துக்கும் நடுவே ஒரே வருடம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அம்மா வந்தார். பத்து மாட்டுக்குள் வைத்திருப்பவர். கையில் பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு நாளும் ஒரு வரி: எவ்வளவு பால், எவ்வளவு காசு, எவ்வளவு அடர்தீவனம், எவ்வளவு மிச்சம். "இந்த இரண்டும் மூன்று மாதமாக என் காசைத் தின்கின்றன, இவற்றுக்கு அடர்தீவனம் குறைத்துவிட்டேன், வற்றவிட்டுச் சினைக்கு விடுகிறேன், எனக்கு மூட்டை குறைத்துப் போடுங்கள்" என்றார். எனக்கு வியாபாரம் குறைந்தது. ஆனால் அந்த வருடம் கடன் வைக்காமல் போனவர்களில் அவரும் ஒருவர். அன்றிலிருந்து யார் கடன் கேட்டாலும் அந்த நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். பால் செலவில் பாதிக்கும் மேல் தீவனம். பால் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் பாதிக் கணக்கோடு முடிவெடுக்கிறார்.

கடன் பிரிவு

தீவன வியாபாரி ஐயா சொன்னதற்கு முழு ஆமோதிப்பு. மாட்டுக் கடனுக்கு வருபவர்களிடம் நான் கேட்பது: இன்றைய விலையில் தவணை கட்ட முடிகிறதா என்பதல்ல, பால் ஐந்தில் ஒரு பங்கு இறங்கி, தீவனம் அதே அளவு ஏறி, ஒரு மாடு மடிநோயில் நின்றாலும் கட்ட முடியுமா என்று. முடியாது என்று வந்தால் கடனைச் சிறிதாக்குவோம். சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்களுக்காக இன்றும் கவலைப்படுகிறேன்.

இளம்பண்ணை

எல்லாரும் விலை ஆட்டத்தைத் தாங்குவது எப்படி என்று பேசுகிறீர்கள். ஆட்டமே இல்லாமல் செய்ய முடியாதா என்று எனக்குக் கேள்வி.

ஒரு பயிற்சியில் கனடா பண்ணையாளர் ஒருவரோடு பேசும் வாய்ப்பு கிடைத்தது. அங்கே 1970-களிலிருந்து நாட்டுக்குத் தேவையான அளவுதான் உற்பத்தி, இறக்குமதிக்குக் கடும் வரி, விலையை உற்பத்திச் செலவை வைத்து நிர்ணயம் செய்கிறார்கள். 2015-ல் மற்ற நாடுகள் தவித்தபோது தன் வருமானம் பெரிதாக அசையவில்லை என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு அவரே சொன்னார்: "என் மகன் தனியாகத் தொடங்க நினைத்தால், ஒரு நாளைக்கு ஒரு கிலோ வெண்ணெய்க்கொழுப்பு ஊற்றும் உரிமைக்கு மட்டும் 24,000 கனடா டாலர். அது ஏறக்குறைய ஒரு மாடு தரும் அளவு. மாடும் தொழுவமும் நிலமும் தனி." பெரிய மாகாணங்களில் அந்தத் தொகையையே உச்சவரம்பாக வைத்திருக்கிறார்கள்.

அதே பயிற்சியில் நியூசிலாந்துக்காரர் ஒருவரும் இருந்தார். அவர்கள் பாலில் 95 சதவீதம் போல ஏற்றுமதி. அரசு விலைத்தாங்கல் கிடையாது. அவர் தற்காப்பு புல். கன்று ஈனும் பருவத்தைப் புல் வளரும் பருவத்தோடு பொருத்தி, வாங்கும் தீவனத்தை மிகக் குறைவாக வைத்திருக்கிறார். விலை விழுந்தால் முதலில் மூட்டைத் தீவனத்தை நிறுத்துவார், பால் குறையும், ஆனால் கையைவிட்டுப் பணம் போகாது. கனடாக்காரரின் பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது, இவருடையது வயலில் இருக்கிறது. சட்டம் நம் கையில் இல்லாதபோது நான் வயலின் பக்கம் நிற்கிறேன். பசுந்தீவனப் பரப்பைக் கூட்டிய பிறகே மாட்டைக் கூட்டுவேன்.

தொழுவத்தார்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஆலைப் பணியாளர் சார் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

இனி வரும் ஆண்டுகளைப் பற்றி நான் கவனித்து வைத்திருப்பவை சில. உலகில் கறக்கும் பாலில் நாடு விட்டு நாடு போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்ன சந்தையில் ஒரு பெரிய நாடு வாங்குவதைச் சற்றுக் குறைத்தாலே விலை தலைகுப்புற விழும். சீனா 2023-ல் தன் சொந்தப் பாலை 4 கோடி டன்னுக்கு மேல் கொண்டுபோய்விட்டது, அங்கே பிறப்பும் குறைகிறது. அதனால் 2013 போல 'எவ்வளவு வந்தாலும் வாங்குகிறது' என்ற பேச்சை இனி யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

இன்னொரு பக்கம் மாடு எளிதில் கூடாது என்பதற்கும் அறிகுறி இருக்கிறது. அமெரிக்காவில் கறவைப் பசுக்களுக்கே இறைச்சி இன விந்து போடுவது பரவிவிட்டது, அந்தக் கன்றுக்கு நல்ல விலை. விளைவு, 2025 தொடக்கத்தில் அங்கே வளர்ந்துவரும் கறவைக் கிடேரிகளின் எண்ணிக்கை 1978-க்குப் பிறகு மிகக் குறைவு. கிடேரி இல்லாமல் விலை ஏறியவுடன் மந்தையைப் பெருக்க முடியாது. 2024-ல் அங்கே பறவைக்காய்ச்சல் மாடுகளுக்குப் பரவியதும், ஐரோப்பாவில் நீலநாக்கு நோய் சுற்றியதும் இதோடு சேரும். நோய் வந்த மந்தை கறவையில் திரும்ப நாளாகும்.

என் முடிவு: இந்த வருடம் மாட்டைக் கூட்டவில்லை. மோசமாகக் கறக்கும் பசுக்களுக்கு இறைச்சி இன விந்து, நல்லவற்றுக்கு மட்டும் கிடேரி பிறக்கும் பாலினம் பிரித்த விந்து. மாலைக்கறவை தங்கை சொன்னபடி கொழுப்பு, புரத அளவை வைத்துத்தான் எது நல்லது என்று பிரிக்கப்போகிறேன். இறைச்சி இன விந்து போட்டவர்கள் யாராவது இருந்தால், ஈனும்போது கன்று பெரிதாக இருந்து சிக்கல் வந்ததா, எந்த ஈற்றுப் பசுவுக்குப் போட்டீர்கள், சினை நின்ற விகிதம் எப்படி என்று எழுதுங்கள். முதல் ஈற்றுக் கிடேரிக்குப் போடாதே என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டாம் ஈற்றுக்குப் போடலாமா என்பதுதான் என் கேள்வி.