புதுப்பிப்பு: புராஜெக்டுக்கு ஒரு பாஷ் ஹிஸ்டரி, தீர்வு கிடைத்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: புது டெர்மினலில் மேல்அம்பு விசையைத் தட்டியதும் வேறொரு புராஜெக்டின் கட்டளை வந்தது, கவனிக்காமல் எண்டர் அடித்ததில் தவறான டேட்டாபேஸ் அழிந்தது, பாஷ் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் நிரல்) வைத்திருக்கும் ஹிஸ்டரியை, அதாவது பழைய கட்டளைகளின் பதிவை, புராஜெக்ட் வாரியாகப் பிரித்து வைக்க வழி உண்டா என்று. வழி உண்டு. மூன்று நாளாக ஓடுகிறது.

ஒவ்வொரு டிமக்ஸ் (ஒரே டெர்மினலில் பல செஷன்களை நடத்த உதவும் கருவி) செஷனுக்கும் அதன் பெயரிலேயே ஒரு ஹிஸ்டரி கோப்பு. பாஷ் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில், ஹிஸ்டரி எந்தக் கோப்பில் சேர வேண்டும் என்று சொல்லும் ஹிஸ்ட்ஃபைல் (HISTFILE) மாறிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும். பாஷ்ஆர்சியைப் படித்து முடித்த பிறகுதான் பாஷ் ஹிஸ்டரியை ஏற்றுகிறது.

என்னைப் படுத்தியது வேறு இடம். ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லில் ஹிஸ்ட்ஃபைலை மட்டும் மாற்றினால் பழைய கட்டளைகள் நினைவகத்திலேயே இருக்கும். சேமிக்காதவை புதுக் கோப்பில் போய் விழும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் ஹிஸ்டரி கட்டளையை 'ஏ' கொடியோடு (-a) ஓட்டிச் சேமிக்க வேண்டும், அப்புறம் ஹிஸ்ட்ஃபைலை மாற்ற வேண்டும், பிறகு 'சி' (-c) போட்டு நினைவகத்தைத் துடைத்து 'ஆர்' (-r) போட்டுப் புதியதைப் படிக்க வேண்டும். நான்கையும் ஒரு ஃபங்ஷனில் வைத்துவிட்டேன்.

'ஏ' கொடியை பிராம்ப்ட் கமாண்டிலும் (PROMPT_COMMAND, ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் தானாக ஓடுவது) சேர்த்திருக்கிறேன், திடீரென்று டெர்மினல் மூடிப்போனாலும் அதுவரை முடிந்த கட்டளைகள் தொலையாது. எத்தனை கட்டளைகளை வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஹிஸ்ட்சைஸ் (HISTSIZE) இயல்பாக 500தான், உயர்த்திக்கொள்ளுங்கள். பாஷ் 4.3 முதல் மைனஸ் எண் கொடுத்தால் வரம்பே கிடையாது.

பாஷுக்குப் பதில் ஃபிஷ் என்ற ஷெல்லைப் பயன்படுத்துபவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. ஃபிஷ் ஹிஸ்டரி (fish_history) மாறிக்கு ஒரு பெயர் கொடுத்தாலே தனியாகப் பிரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் ஒன்றாகத் தேட, கோப்புகளை ஒரே ஃபோல்டரில் வைத்து கிரெப் (கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளை) போடுகிறேன்.