மறு: ‘ஃபர்ஸ்ட் பாஸ்ட் தி போஸ்ட்’ முறைக்கு மாணவர் கையேட்டில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு தொகுதியில் மற்ற எவரையும்விட அதிக வாக்குப் பெற்றவர் வெல்கிற தேர்தல் முறைதான் ‘ஃபர்ஸ்ட் பாஸ்ட் தி போஸ்ட்’. அதற்குத் தமிழ்ப் பெயராக இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருசேரப் படித்தேன். ‘கம்பம் கடந்தவர் முறை’, ‘எளிய பெரும்பான்மை முறை’, ‘பன்மை வாக்கு முறை’, ‘தனித்தொகுதி முறை’, ‘முதலிட வெற்றி முறை’, கடைசியாக ‘குடவோலை முறை’. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் யாரும் இல்லாமல் தாங்களே படிக்கப்போகிற கையேடு இது. அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆங்கிலத்தில் கம்பம் இருக்கிறது, தமிழிலும் இருக்கட்டுமே?

வேண்டாம் ஐயா. ‘கம்பம் கடந்தவர்’ என்றால் தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் கம்பம் ஊரைத் தாண்டிக் குமுளிக்குப் பஸ் ஏறியவர் என்று நினைத்துக்கொள்வார்கள். விளையாட்டு இருக்கட்டும். ‘கம்பத்தை முதலில் கடந்தவர்’ என்ற அந்த ஆங்கிலத் தொடர் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. பந்தயத்தில் கம்பம் ஓரிடத்தில் நட்டிருக்கும், யார் ஓடினாலும் தூரம் ஒன்றுதான். நம் தேர்தலில் அப்படி ஒரு கம்பமே கிடையாது. இரண்டாவது வந்தவர் எங்கே நின்றாரோ அதற்கு ஒரு வாக்கு மேலே போனால் போதும். கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியில் 2004 சட்டமன்றத் தேர்தலில் துருவநாராயணா பெற்றது 40,752 வாக்கு, கிருஷ்ணமூர்த்தி பெற்றது 40,751. 40,752 என்று முன்கூட்டியே யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. இந்தியாவின் 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளும் செல்லத்தக்க வாக்குகளில் மிக அதிக எண்ணிக்கை பெற்றவரை வெற்றி பெற்றவராக அறிவிக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. சட்டத்தில் இல்லாத குதிரையை நாம் ஏன் கட்டித் தீனி போட வேண்டும்?

> ‘எளிய பெரும்பான்மை’ ஏற்கெனவே புழங்குகிற சொல். புதிதாக எதற்கு?

எனக்கு உண்மையான சண்டை இதோடுதான். பெரும்பான்மை என்றால் பாதிக்கு மேல். பிள்ளைகள் அப்படித்தான் கற்கிறார்கள், அதுதான் சரியும்கூட. சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடக்கிறது. வந்திருந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். அதைத்தான் எளிய பெரும்பான்மை, சாதாரணப் பெரும்பான்மை என்கிறோம். அதே கையேட்டில் மூன்று பக்கம் தள்ளி, 30 சதவீத வாக்கு வாங்கித் தொகுதியில் ஜெயித்தவரும் ‘எளிய பெரும்பான்மை’யில் வென்றார் என்று எழுதினால் பிள்ளை எதை நம்பும்?

இந்தக் குழப்பம் சின்ன விஷயம் இல்லை. இந்த முறையின் குணமே, பாதிக்கு மேல் இல்லாமல் வெல்ல முடியும் என்பதுதான். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக பெற்றது சுமார் 44 சதவீத வாக்கு, 39 தொகுதிகளில் 37. திமுகவுக்குச் சுமார் 24 சதவீத வாக்கு விழுந்தது, ஓர் இடமும் இல்லை. அதே தேர்தலில் நாடு முழுக்க பாஜகவுக்கு 31 சதவீத வாக்கு, 543இல் 282 இடம். இந்த முறையின் தாய்வீடான பிரிட்டனில் 2024இல் தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்கை வைத்துக்கொண்டு 650 இடங்களில் 411ஐ அள்ளியது. அவர்களுக்குக் கிடைத்தது வாக்கில் பெரும்பான்மையா என்று கேட்டால் இல்லை. இடங்களில் பெரும்பான்மையா என்றால் ஆமாம். முறையின் பெயரிலேயே ‘பெரும்பான்மை’யை ஒட்டிவிட்டால் இந்த இரண்டு கேள்வியையும் பிள்ளையால் பிரித்துக் கேட்கவே முடியாது.

யாழ்ப்பாணத்து அண்ணன் சென்ற மடலில் இலங்கையின் 1970 நாடாளுமன்றத் தேர்தலைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டார். அதைக் கையேட்டில் பெட்டிச் செய்தியாகவே போடலாம். அந்தத் தேர்தலில் இலங்கையில் அதிக வாக்கு வாங்கிய கட்சி ஐக்கிய தேசியக் கட்சி, சுமார் 38 சதவீதம். கிடைத்த இடம் 17. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குச் சுமார் 37 சதவீதம், இடம் 91. (சுதந்திரக் கட்சி கூட்டணிக்குத் தொகுதிகளை விட்டுக்கொடுத்துக் குறைவான இடங்களில்தான் போட்டியிட்டது. இதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேர்மையாக இராது.) ஏழு வருடத்தில் சக்கரம் சுழன்றது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய 51 சதவீத வாக்கில் 168இல் 140 இடம் பெற்றது. சுதந்திரக் கட்சிக்குக் கிட்டத்தட்ட 30 சதவீத வாக்கு, வெறும் 8 இடம். வடக்கு கிழக்கில் மட்டும் நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு நாடளவில் 7 சதவீதம்கூட இல்லை, ஆனால் 18 இடம். அந்தக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது இப்படித்தான். வாக்குகள் சில தொகுதிகளில் குவிந்திருந்தால் இந்த முறை கைகொடுக்கும், நாடெங்கும் மெல்லப் பரவிக் கிடந்தால் கைவிடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதற்கு அடுத்த ஆண்டு அரசியலமைப்பில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம், அதாவது வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் முறை, வந்தது. அந்த முறையில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது 1989இல்தான்.

(விகிதாசாரமா, விகிதாச்சாரமா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அதற்குத் தனி இழை திறந்துகொள்ளலாம்.)

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘பன்மை வாக்கு’ என்பது ப்ளூராலிட்டிக்கு (பாதியைத் தாண்டாவிட்டாலும் மற்ற எவரையும்விட அதிகம் என்பதற்கு) அகராதியில் முதலில் கிடைத்த சொல். ஒருமை, பன்மை படிக்கிற பிள்ளை ஒருவரே பல வாக்குப் போடும் முறை என்று எடுத்துக்கொள்ளும். ‘முதலிட வெற்றி’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கொழும்பில் முதலிட என்றால் பணம் போட.

‘தனித்தொகுதி முறை’ என்று சிங்கப்பூர் ஆசிரியை முன்வைத்ததில் நியாயம் இருக்கிறது. ஒரு தொகுதி, ஓர் உறுப்பினர் என்பது இந்த முறையில் வழக்கமான அமைப்புதான். சிங்கப்பூரில் ஒருவர் மட்டும் நிற்பது தனித்தொகுதி, அணியாக நிற்பது குழுத்தொகுதி. அங்கே பத்திரிகை படிக்கிற எவருக்கும் இது தெரியும். தமிழ்நாட்டில் தனித்தொகுதி என்றால் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்ட தொகுதி. மதுரைப் பிள்ளையும் சிங்கப்பூர்ப் பிள்ளையும் ஒரே கையேட்டைப் படித்து வேறு வேறாகப் புரிந்துகொள்வார்கள். தவிர, அம்மா, உங்கள் குழுத்தொகுதியிலும் அதிக வாக்குப் பெற்ற அணிதானே மொத்த இடத்தையும் கொண்டுபோகிறது? அப்படியிருக்க, முறையின் பெயர் தொகுதியைச் சார்ந்து இருக்க முடியாது.

குடவோலையை நான் மனமில்லாமல்தான் ஒதுக்குகிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு நமக்குப் பெருமைதான். ஆனால் முதலாம் பராந்தகன் காலத்து அந்த ஏற்பாட்டில் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது திருவுளச் சீட்டு, வாக்கெடுப்பு இல்லை. குடவோலையை இன்றைய தேர்தலோடு சேர்க்கத்தான் வேண்டுமென்றால் அதற்கு உண்மையான இடம் ஒன்று உண்டு. இருவர் சமமாக வாக்கு வாங்கினால் இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவுப்படி தேர்தல் அதிகாரி சீட்டுக் குலுக்குவார். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு கிடைத்ததாகக் கொள்வார்கள். ‘கூடுதல் வாக்கு முறை’ என்ற பெயரை நான் முதலில் யோசித்துவிட்டு விட்டதற்கும் இந்தப் பிரிவுதான் காரணம்.

சரி, என் பரிந்துரை: ‘முன்னிலை வெற்றி முறை’.

வாக்கு எண்ணும் நாளில் டிவியில் காலை எட்டரை மணியிலிருந்து கேட்கிற சொல் இது. ‘அவர் முன்னிலை, இவர் பின்னடைவு.’ முன்னிலை என்றால் மற்ற எவரையும்விட அதிகம் என்றுதான் அர்த்தம், பாதிக்கு மேல் என்று ஒருவரும் எடுத்துக்கொள்வதில்லை. ப்ளூராலிட்டி என்ற கருத்துக்கும் இதுவே போதும். ‘அவருக்கு முன்னிலை இருந்தது, பெரும்பான்மை இல்லை’ என்று எழுதினால் அடிக்குறிப்பு தேவைப்படாது. 2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் நடந்தது சரியாக இதுதான். அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் சுமார் 42 சதவீதம் பெற்றார். மற்ற எல்லோரையும்விட அதிகம். ஆனால் அங்கே ஜனாதிபதியாகப் பாதிக்கு மேல் வேண்டும், அதனால் அந்நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக வாக்காளர்கள் வரிசைப்படுத்திக் குறித்த இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது. முன்னிலை வெற்றி முறையாக இருந்திருந்தால் முதல் எண்ணிக்கையோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். (விருப்பு வாக்கு என்பது அருமையான சொல். தமிழ்நாட்டுப் பதிப்பிலும் அப்படியே வைத்துக்கொள்ள நான் வாக்களிக்கிறேன்.)

இதை ஒட்டி இன்னொரு முடிச்சும் அவிழும். ‘தனிப்பெரும் கட்சி’, ‘தனிப்பெரும்பான்மை’ இரண்டும் பார்க்க உடன்பிறப்புகள் மாதிரி இருக்கின்றன. 1996இல் 161 இடம் வென்ற பாஜக தனிப்பெரும் கட்சி. தனிப்பெரும்பான்மை இல்லாததால்தான் வாஜ்பாயி அரசு 13 நாளில் போனது. முதலாவது முன்னிலை, இரண்டாவது பெரும்பான்மை என்று ஒரு வரி எழுதினால் விளங்கிவிடும்.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். தன்மை, முன்னிலை, படர்க்கை இருக்கிறதே, ‘தலைவர் முன்னிலையில்’ என்றும் சொல்கிறோமே என்பீர்கள். இலக்கண வகுப்பையும் தேர்தல் பாடத்தையும் எந்தப் பிள்ளையும் குழப்பிக்கொள்ளாது. முன்னிலை அடுத்த சுற்றிலேயே மாறிவிடுமே என்பது இன்னும் வலுவான கேள்வி. அதற்காகத்தான் ‘வெற்றி’ பக்கத்தில் இருக்கிறது. கடைசிச் சுற்று முடியும்போது யார் முன்னிலையில் இருக்கிறாரோ அவருக்கு வெற்றி.

கையேட்டுக்கு நான் எழுதியுள்ள பதிவு:

முன்னிலை வெற்றி முறை: ஒரு தொகுதியில் போட்டியிடுபவர்களில் மற்ற எவரையும்விட அதிக வாக்குப் பெற்றவர் வெல்லும் தேர்தல் முறை. மொத்த வாக்கில் பாதிக்கு மேல் பெற வேண்டிய கட்டாயம் இல்லை. எடுத்துக்காட்டு: நான்கு பேர் போட்டியிட்டு 35, 30, 20, 15 சதவீத வாக்குப் பெற்றால் 35 சதவீதம் பெற்றவர் வெல்வார். 65 சதவீதம் பேர் அவருக்கு வாக்களிக்கவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து யாரும் வெட்டிவிட வேண்டாம். மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்த சொல் ‘கொறடா’ (சட்டமன்றத்தில் தன் கட்சி உறுப்பினர்களை ஒழுங்கில் வைப்பவர்). அதற்குச் செந்தமிழில் மாற்று தேட வேண்டும் என்று யாராவது கிளம்பினால் அன்றைக்கும் இதே நீளத்துக்கு ஒரு மடல் வரும்.