பேஸ்மென்ற் ஈரம்: வெளியால தோண்டுறதா, உள்ளாலயா?

வணக்கம். கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில எங்கட வீடு 1960களில கட்டினது. ஸ்னோ உருகிற நேரம் பேஸ்மென்ற் சுவரும் நிலமும் சேருற இடத்தால தண்ணி கசியுது. அத்திவாரத்தைச் சுத்திப் போட்ட பழைய களிமண் வீப்பிங் ரைல் (தண்ணி வடிஞ்சு போற குழாய்) சேறும் வேரும் அடைச்சுப்போச்சுது போல. அது வடிச்சாத்தானே மண்ணில நிக்கிற தண்ணி சுவரை அழுத்தாது.

ஒரு கொன்ராக்டர் வெளியால அடிவரைக்கும் தோண்டி, துளைக்குழாயும் சரளைக்கல்லும் போட்டு, சுவருக்குத் தண்ணி புகாத மெம்பிரேன் ஒட்டோணும் எண்டுறார். மற்றவர் உள்ளால கொங்கிரீற்றை வெட்டிக் குழாய் போட்டு சம்ப் பம்புக்கு (குழியில சேருற தண்ணியை வெளியில இறைக்கிற பம்ப்) விடலாமாம். செலவு குறைவு, ஆனா சுவர் நனைஞ்சபடிதானே இருக்கும்? வெளியால தோண்டுறதெண்டா ட்ரைவேயை உடைக்கோணும், அதுக்கும் மனமில்லை.

உள்ளால செய்த ஆக்கள் ஆரும் இருக்கிறியளா? கரண்ட் போனா பம்புக்கு என்ன செய்யிறியள், பற்றரியோ? இதுக்குச் சிற்றி மானியம் எடுத்தவையும் சொல்லுங்கோ.