பெருந்தமனிச் சுவரில் பிறக்கும் இரத்தம்: கண்டவர்கள் எழுதும் அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்:

இரத்தம் எலும்பு மஜ்ஜையில் உண்டாகிறது என்று பள்ளியில் படித்ததோடு நின்றுவிட்டவர்களுள் நானும் ஒருவன். எல்லா வகை இரத்த அணுக்களையும் பெற்றெடுக்கும் இரத்தக் குருத்தணுக்கள் அந்த மஜ்ஜைக்கு எங்கிருந்து வந்து சேர்ந்தன என்ற கேள்வி, வரிக்குதிரை மீன் கருக்களை வளர்க்கும் ஆய்வகத்தில் சேரும் வரை எனக்குத் தோன்றியதே இல்லை. கருவில் அவை உருவாவதைக் கண்டவர்களும், அதன் விளைவுகளைத் தம் தொழிலில் எதிர்கொண்டவர்களும் இங்கே எழுத வேண்டுகிறேன். முதலில் என்னுடையது.

இந்த மீனின் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்வது. உள்ளே ஓடும் இரத்தம் தெரியும் அளவுக்குத் தெளிவானது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் அணுக்கள் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றப்பட்ட ஒரு கருவை, அது கருவுற்று ஏறத்தாழ 30 மணி நேரம் ஆனபோது அகரோஸ் கூழில் பக்கவாட்டில் படுக்க வைத்து, கன்ஃபோக்கல் நுண்ணோக்கியின் கீழ் இரவு முழுவதும் சில நிமிடங்களுக்கு ஒரு படமாகப் பதிவு செய்தேன். காலையில் அப்படங்களை ஓட்டிப் பார்த்தபோது, பெருந்தமனியின் அடிப்பக்கச் சுவரில் ஓடு பாவியது போலத் தட்டையாகப் படிந்திருந்த அணுக்களுள் ஒன்று, மெல்ல வெளிப்புறமாக வளைந்து, தன் விளிம்புகளைச் சுருக்கிக்கொண்டு, உருண்டு திரண்டு, சுவரை விட்டுக் கழன்றது. அது இரண்டாகப் பிரியவில்லை. குழாயின் சுவராக இருந்த ஓர் அணு அப்படியே இரத்த அணுவாயிற்று; அது விட்டுப்போன இடைவெளியை இருபுறத்து அணுக்களும் நெருங்கி மூடிக்கொண்டன.

2010ஆம் ஆண்டில் இரண்டு குழுக்கள் மீனிலும் ஒரு குழு எலியிலும் இந்த மாற்றத்தை உயிருள்ள திசுவில் படம்பிடித்து வெளியிட்டன. அக்கட்டுரைகளை நான் முன்பே படித்திருந்தேன். ஆயினும் அன்று காலை அந்தப் படத்தை எத்தனை முறை திரும்ப ஓட்டினேன் என்பது எனக்கே நினைவில்லை.

ரன்க்ஸ்1 என்னும் மரபணுவின் செயலை முடக்கிய கருக்களையும் பிறகு கவனித்தேன். அவற்றிலும் சுவரணு வளையத் தொடங்குகிறது. வெளியேறும் தறுவாயில் சிதறி மடிந்துவிடுகிறது. ஒரு மரபணு தேவை என்று அட்டவணையில் படிப்பதற்கும், அது இல்லாத அணு பாதி வழியில் உடைவதைக் காண்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு.

எலிக்கரு ஆய்வாளர்:

எலிக்கருவை இவ்வாறு முழுதாக வைத்துப் பார்க்க இயலாது என்பதால் எங்கள் சான்று வேறு வகையானது. கருவின் பெருந்தமனியும் அதையொட்டிய சிறுநீரக, இனப்பெருக்க உறுப்புகளின் முன்னோடித் திசுவும் சேர்ந்த பகுதியை வெட்டியெடுத்து, அதன் அணுக்களைக் கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட வளர்ந்த எலிக்குச் செலுத்தி, நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதன் பின்னரும் அந்த எலியின் சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் செலுத்திய அணுக்களின் வழித்தோன்றல்களாக இருந்தால்தான், செலுத்தியவற்றுள் உண்மையான குருத்தணு ஒன்றேனும் இருந்தது என்று சொல்லலாம்.

என் முதல் ஆண்டில் இவ்வாறு அணுக்களைச் செலுத்திப் பார்த்த சோதனைகளுள் பெரும்பாலானவை தோற்றன. இணைசேர்ந்த நாளைக் கொண்டு கருவின் வயதைக் கணக்கிட்டேன். பத்தரை நாள் என்றால் பத்தரை நாள் என்று நம்பினேன். ஒரே தாயின் வயிற்றில் அருகருகே கிடக்கும் கருக்கள்கூட ஒரே அளவுக்கு வளர்ந்திருப்பதில்லை என்பதை மூத்த ஆய்வாளர் ஒருவர் காட்டித் தந்தார். முதுகுத்தண்டின் இருபுறமும் அடுக்கடுக்காகத் தோன்றும் உடற்கண்டங்களை ஒவ்வொரு கருவிலும் எண்ணச் சொன்னார். முப்பத்து நான்கு இணைகளுக்குக் குறைந்த கருக்களிலிருந்து எடுத்த அணுக்கள் எலியின் உடலில் தங்கவில்லை. அதைத் தாண்டியவற்றுள் சில தங்கின. சில மணி நேர வேறுபாடுதான் என் ஓராண்டை விழுங்கியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தரை நாள் கருவின் தமனிச் சுவர்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் இரத்த முன்னோடி அணுக்கள் ஐந்நூறு முதல் எழுநூறு வரை இருக்கும். அவற்றுள் வளர்ந்த எலியின் இரத்தம் முழுவதையும் மீட்டெடுக்க வல்லவை, பதினோராம் நாளில்கூட, விரல்விட்டு எண்ணத்தக்கவையே. எஞ்சியவை எதற்காக? அவை முதிர்ச்சியின் வழியில் நிற்பவை என்பர் சிலர். குருத்தணுவாகாமலே கருவின் உடனடித் தேவைக்கான இரத்தத்தைத் தருபவை என்பர் வேறு சிலர். இரண்டுக்கும் இடமுண்டு என்பது என் கருத்து.

புதிதாகச் சேர்ந்த மாணவி:

ஐயா, ஒரு ஐயம். கருவின் முதல் சிவப்பணுக்கள், கருவின் உடலுக்கு வெளியே அதனோடு இணைந்திருக்கும் மஞ்சள்கருப் பையில் தோன்றுவதாகவே நாங்கள் படித்தோம். குருத்தணுக்களும் அங்கிருந்தே வருவதாக எண்ணியிருந்தேன்.

எலிக்கரு ஆய்வாளர்:

தங்களைப் போலவே துறையும் ஒரு காலத்தில் எண்ணியது. 1975இல் பிரான்சுவாஸ் தியேதெர்லென்-லியேவ்ர், காடையின் கருவைக் கோழியின் மஞ்சள்கருப் பை மீது பொருத்தி வளர்த்தார். இரண்டு பறவைகளின் அணுக்களையும் உட்கரு அமைப்பைக் கொண்டே வேறுபடுத்த முடியும். வளர்ந்த கருவின் நிலையான இரத்தம் காடையினுடையதாக இருந்தது. ஆகவே அதன் ஊற்று பையில் இல்லை, கருவின் உடலுக்குள் இருந்தது. பாலூட்டிகளில் இது உறுதிப்பட மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. மெட்வின்ஸ்கியும் ஜெர்சாக்கும் 1996இல், பெருந்தமனிப் பகுதியைத் தனியே வெட்டியெடுத்து வளர்த்தாலும் அது தானாகவே குருத்தணுக்களைத் தோற்றுவிக்கும் என்று காட்டினர். இதனால் மஞ்சள்கருப் பையின் பணி சிறிதாகிவிடாது. மூளையில் வாழ்நாள் முழுதும் காவல் காக்கும் மைக்ரோகிளியா அணுக்கள் அந்தப் பையிலிருந்து வந்தவையே.

மாணவி:

நன்றி. சுவரிலுள்ள ஓர் அணு தன் முறை வந்தது என்று எவ்வாறு அறிகிறது?

இழையைத் தொடங்கியவர்:

ஒரே ஒரு கட்டளை என்று எதையும் சுட்ட முடியாது. அண்டை அணுக்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் நாட்ச் சமிக்ஞை, பெருந்தமனியின் அடிப்பக்கத்தில் செறிந்திருக்கும் பிஎம்பி4 புரதம், கேட்டா2, ரன்க்ஸ்1 ஆகிய மரபணுக்கள், அழற்சியின்போது நாம் அறிந்த இன்டர்ஃபெரான் முதலிய மூலக்கூறுகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. என்னை மிகவும் ஈர்த்தது இரத்த ஓட்டத்தின் பங்கு. இதயம் துடிக்காத மரபணு மாற்றமுடைய மீன் கருக்கள் உண்டு. நீரில் கரைந்த ஆக்சிஜன் நேரடியாகப் போதுவதால் அவை சில நாட்கள் உயிரோடிருக்கும். அவற்றில் தமனி உருவாகிறது, ஆனால் குருத்தணுக்கள் மிகக் குறைவாகவே தோன்றுகின்றன. நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் மருந்தை நீரில் சேர்த்தால் அக்குறை ஓரளவு நீங்குகிறது. இதை 2009இல் வெளியான ஆய்வுகள் நிறுவின. ஓடும் இரத்தம் சுவரை உரசுகிறது. அந்த உரசலை உணர்ந்தே சுவர் புதிய இரத்தத்தைத் தருகிறது. அசையாத இதயத்தோடு கிடந்த அக்கருக்களின் தமனிச் சுவரை நுண்ணோக்கியில் கண்ட நாளில் இந்த உண்மை எனக்குப் பதிந்தது.

கால்நடை மருத்துவர்:

நான் ஆய்வாளன் அல்லன், சுருக்கமாகச் சொல்கிறேன். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடாக இருக்கும் என்பதை உறுதிசெய்ய, அதன் இரத்தத்தில் ஆண் அணுக்கள் உள்ளனவா என்று சோதிப்பது வழக்கம். முதன்முறை சோதித்தபோது கிடாரிக்கு வயது இரண்டு. உடன்பிறந்த காளையின் அணுக்கள் அதன் இரத்தத்தில் தெளிவாக இருந்தன. மாட்டின் சிவப்பணு சில மாதங்களே வாழும். வெள்ளையணுக்களுள் பலவற்றின் ஆயுள் அதைவிடக் குறைவு. எனவே கருப்பையில் இணைந்த குழாய்கள் வழியே கடந்து வந்தவை வெறும் இரத்த அணுக்களாக இருந்திருக்க முடியாது. அவற்றைப் பெற்றெடுக்கும் அணுக்களே வந்து குடியேறியிருக்க வேண்டும். ரே ஓவன் 1945இல் இரட்டைக் கன்றுகளின் இரத்த வகைகளைக் கொண்டே இந்த முடிவுக்கு வந்தார்.

பச்சிளங்குழந்தை மருத்துவர்:

கால்நடை மருத்துவர் சொன்ன குடியேற்றத்தின் அடுத்த கட்டம் எனக்குத் தொழில்முறையில் அறிமுகமானது. தமனியில் பிறந்த குருத்தணுக்கள் நேரே எலும்புக்குச் செல்வதில்லை. கருவின் கல்லீரலில் தங்கி முதிர்ந்து, மனிதரில் மூன்றாம் மாத வாக்கிலிருந்துதான் மஜ்ஜைக்கு இடம்பெயரத் தொடங்குகின்றன.

டவுன் நோய்க்குறியுடன் பிறந்த ஒரு குழந்தையின் இரத்தப் பரிசோதனையில், முதிராத வெள்ளையணுக்கள் இரத்தப் புற்றுநோயை ஒத்த அளவில் நிறைந்திருந்தன. கல்லீரலும் வீங்கியிருந்தது. இக்குழந்தைகளுள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இவ்வாறு நேர்வதுண்டு. கருவின் கல்லீரலில் இருக்கும்போதே இரத்த முன்னோடி அணுவொன்றில் கேட்டா1 மரபணுவில் நேரும் பிழை அதன் காரணம். பெற்றோரிடம் அந்த முதல் நாளில் பேசுவது கடினமாக இருந்தது. ஏனெனில் பெரும்பாலும் மருந்தின்றியே இது மறையும் என்பதையும், ஐந்தில் ஒருவருக்கு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் உண்மையான புற்றுநோயாக மாறக்கூடும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது. தாய் என்னிடம் கேட்டது ஒன்றே: “அது தானாகப் போகுமென்றால், எதனால் போகிறது?” கருவின் கல்லீரல் அந்த அணுக்களைத் தாங்கி வளர்த்தது, பிறந்தபின் அந்தச் சூழல் கலைந்துவிடுவதால் அவை நிலைக்க இடமின்றிப் போகின்றன என்று கருதப்படுகிறது, அம்மா என்று விளக்கினேன். ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கை இறங்கியது. மூன்றாம் மாதத்தில் எடுத்த இரத்தத் தடவலில் முதிராத அணு ஒன்றுகூட இல்லை. அக்குழந்தைக்கு நான்கு வயது நிறையும் வரை குறித்த இடைவெளிகளில் வரவழைத்துப் பார்த்தேன்.

வளர்தட்டில் பணிபுரிபவர்:

மேலே உள்ளவர்கள் கருவில் கண்டதை நாங்கள் தட்டில் நிகழ்த்த முயல்கிறோம். மனிதத் தோலணுவிலிருந்து பின்னோக்கி மாற்றிய, எவ்வகை அணுவாகவும் வளரவல்ல குருத்தணுக்களை முதலில் தமனிச் சுவரைப் போன்ற அணுக்களாக்கி, பின் அவற்றிலிருந்து இரத்த அணுக்களைப் பெறுவது எங்கள் வழி. ஏறத்தாழ பத்தாம் நாளில் தட்டோடு ஒட்டிய அணுக்களிடமிருந்து உருண்டையான அணுக்கள் கழன்று மிதக்கத் தொடங்கும்; இழையைத் தொடங்கியவர் விவரித்த அதே வளைவு, அதே விடுபடல். முதல் முறை கண்டபோது வேலை முடிந்தது என்றே எண்ணினேன். அவ்வணுக்கள் தட்டில் சிவப்பணுக்களையும் விழுங்கணுக்களையும் தந்தன. எலிக்குச் செலுத்தியபோது ஒன்றும் தங்கவில்லை. நாங்கள் உண்டாக்கியது மஞ்சள்கருப் பையின் இரத்தத்தை. பெருந்தமனியின் இரத்தத்தை அன்று. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன.

2024இல் மெல்போர்னில் உள்ள குழுவொன்று, எலியின் மஜ்ஜையில் நெடுநாள் தங்கி எல்லா வகை இரத்த அணுக்களையும் தரும் மனித அணுக்களைத் தட்டில் உருவாக்கியதாக வெளியிட்டது. வைட்டமின் ஏ வகைச் சேர்மம் ஒன்றை உரிய நாட்களில் சேர்ப்பது அவர்களின் முறையில் முக்கியமானது. எலிக்கரு ஆய்வாளர் உடற்கண்டங்களை எண்ணியதை வாசித்தபின், எங்கள் குறிப்பேட்டில் அச்சேர்மத்தைச் சேர்த்த நேரங்களை மீண்டும் பார்த்தேன். நாள் மட்டுமே எழுதியிருந்தோம். இந்த வாரத்திலிருந்து மணியையும் குறிக்கிறோம்.