மணிமேகலைக்கு நேர்ந்தது வேள்பாரிக்கும் நேருமா?

கேள்வி:
கல்கியின் பொன்னியின் செல்வனை ஐந்து பாகங்களும் பலமுறை படித்தவன் நான். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் அதை இரண்டு படங்களாக எடுத்தபோது, வந்தியத்தேவனைக் காப்பதற்காகக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் மணிமேகலை என்ற பாத்திரம் அடியோடு விடுபட்டதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. சு. வெங்கடேசனின் வேள்பாரி புதினத்தைப் படமாக்க விரும்புவதாக இயக்குநர் ஷங்கர் கூறியிருக்கும் நிலையில், அங்கும் இப்படி நேருமோ?

மறுமொழி 1:
மணிமேகலையை விட்டதற்காவது நேரமின்மையைக் காரணம் காட்டலாம். சேந்தன் அமுதன் படத்தில் இருந்தும் அரியணை ஏறவில்லையே! பூத்தொண்டு செய்துகொண்டிருந்தவன் சோழ மன்னனாகும் அந்தத் திருப்பத்துக்காகத்தானே ஐந்தாம் பாகம்வரை காத்திருந்தோம்?

மறுமொழி 2:
வேள்பாரியைப் பொறுத்தவரை என் அச்சம் வேறு. பறம்பு மலையின் செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றிக் கபிலர் வியந்து வியந்து கற்றுக்கொள்ளும் பக்கங்களில்தான் அந்தப் புதினத்தின் உயிர் இருக்கிறது. அவற்றைச் சுருக்கிவிட்டுக் கணினி வரைகலைப் போர்களால் நிரப்பினால், பாரி இன்னொரு வாள்வீரனாக மட்டுமே எஞ்சுவான்.

கேள்வி கேட்டவர்:
உண்மைதான். கபிலர் மலையேறும் பகுதிக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால், போரில் பாதியை வெட்டினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.